ராதாவின் இரண்டாவது கதவு

1

வருகிற புதன்கிழமையோடு நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு வந்து ஏழு வருடம் முடிகிறது. ஒவ்வொரு வருடமும் இந்தக் கிழமையில் நாட்குறிப்பில் இரண்டு பக்கம் ஒதுக்கி, அந்த வருடத்தில் நடந்தவற்றை வரிசைப்படுத்தி எழுதுவது என் வழக்கம். வாடகை வீடு மாறியது, மகள் வகுப்பு ஏறியது, எந்த மாதம் யாருக்குக் காய்ச்சல் என்று எல்லாம் இருக்கும். இந்த முறை பேனாவை எடுத்தால் ஒரே ஒரு கதவுதான் முன்னால் வந்து நிற்கிறது.

ஊரிலிருந்து எழுதும் நண்பர்களும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "நீர் அங்கை உண்மையிலை என்ன வேலைதான் செய்யிறீர்?" கணினியில் கட்டடப்படம் வரைகிற அலுவலகத்தில் கதவு யன்னல்களுக்குப் பெயர் வைக்கிறேன் என்று பதில் எழுதினால் பகிடி விடுகிறேன் என்று நினைக்கிறார்கள். பகிடி இல்லை. அந்த வேலையில் நான் செய்த ஒரு பிழையைச் சொன்னால் வேலையும் விளங்கிவிடும்.

மயிலாப்பூரில் ராதா என்று ஒரு பெண் இருக்கிறார். வயது முப்பத்து நான்கு. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர். சிறுவயதில் வந்த போலியோவால் நடக்க முடியாது, சக்கர நாற்காலி. குடியிருப்பது மாட வீதிக்குப் பின்னால் ஒரு மாடி வீடு. வெளியே போக வேண்டுமென்றால் அப்பாவும் கீழ்வீட்டுக்காரரும் இரண்டு பக்கமும் பிடித்து நாற்காலியோடு பதினேழு படி இறக்க வேண்டும். அதனால்தான் அடையாறில் ஒரு தரைவீடு கட்டுகிறார்கள். யாரையும் கூப்பிடாமல், யாரும் தூக்காமல், தானே உருட்டிக்கொண்டு வாசலால் போய்வர வேண்டும் என்பதற்காகவே அந்த வீடு. அந்த வாசலின் நிலைக்கு மூன்று அங்குல உயரத்தில் ஒரு படி வந்து சேர்ந்ததற்குக் காரணம் நான். எனக்கு அது தெரியவந்தபோது நிலை வைக்கும் நாளுக்குப் பதினொரு நாள் இருந்தது.

2

எங்கள் அலுவலகம் தேனாம்பேட்டையில், அண்ணா சாலையிலிருந்து ஒரு திருப்பம் உள்ளே, டயர் கடைக்கு மேல் இரண்டாம் மாடியில் இருக்கிறது. அசோக் நகரிலிருந்து காலை எட்டு ஐந்துக்குப் பஸ் எடுத்தால் எட்டு ஐம்பதுக்குள் போய்ச் சேரலாம். மற்றவர்கள் பத்து மணிக்கு வருவார்கள். உரிமையாளர் சேஷாத்ரி, மயிலாப்பூர்க்காரர், நல்ல கட்டடக் கலைஞர். கோபம் வராது, ஆனால் எதையும் இரண்டாம் முறை சொல்லவும் மாட்டார். என்னை வேலைக்கு எடுத்தபோது சொன்னது இவ்வளவுதான்: "பாருங்கோ, எனக்கு ஒரே லிஸ்ட் வேணும். யார் மெஷின்ல ஒக்காந்தாலும் ஒரே கதவு வரணும். மூணு மாசம் எடுத்துக்கோங்கோ."

இதை விளக்க வேண்டும். கணினியில் படம் வரையும்போது ஒவ்வொரு கதவையும் புதிதாக வரைவதில்லை. ஒருமுறை வரைந்து, ஒரு பெயர் வைத்துச் சேமித்துவிட்டால், பிறகு பெயரைத் தட்டினால் போதும், கதவு வந்து உட்காரும். அதை இங்கே பிளாக் என்கிறார்கள். கதவு, யன்னல், கழுவுதொட்டி, மின்விசிறி, படிக்கட்டு, எல்லாம் பிளாக்குகள். பெயர் ஆங்கில எழுத்தில் எட்டுக்கு மேல் போகக்கூடாது என்பது இயந்திரத்தின் சட்டம்.

ஐந்து வருடமாக ஐந்து பேர் தங்கள் தங்கள் விருப்பப்படி பெயர் வைத்திருந்தார்கள். நான் எண்ணினேன்: ஆயிரத்து முந்நூற்று நாற்பத்தேழு பிளாக்குகள். மின்விசிறி நாற்பத்து நான்கு, எல்லாமே வட்டம்தான். துளசி மாடம் பத்தொன்பது. பெயர்களைக் கேளுங்கள். மாமி ஒன்று, மாமி இரண்டு, மாமி புதுசு. சேட்டு கேட். டாக்டர் ஜன்னல். சண்டை என்று ஒரு கழுவுதொட்டி. எதற்கு அந்தப் பெயர் என்று விசாரித்தால், அந்தத் தொட்டியை எந்தச் சுவரில் வைப்பது என்று தி.நகர்த் தம்பதியர் இருவர் இந்த அலுவலகத்திலேயே சண்டை பிடித்தார்களாம். நான் மூன்று நாள் சோற்றுப் பெட்டியைத் திறக்காமல் இதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதினேன். நான்காம் நாள் தலையிடி வந்தது.

யாழ்ப்பாணத்தில் கட்டடத் திணைக்களத்தின் பட அறையில் பதினாறு வருடம் வேலை செய்தவன் நான். அங்கே ஒரு இரும்பு அலுமாரி. அதில் இருபத்து நான்கு இழுப்பறை. மூன்றாம் இழுப்பறையில் கதவுகள். ஏழாம் இலக்கக் கதவு என்றால் மன்னாரிலும் அதே கதவு, வவுனியாவிலும் அதே கதவு. வரைந்தவர் யார், யாருக்காக வரைந்தார் என்று ஒருவருக்கும் தெரியாது. தெரியவேண்டிய தேவையும் இல்லை. நாங்கள் வெளிக்கிட்ட வருடம் அந்த அறைக் கூரையில் பாதி இல்லை. அலுமாரி என்ன ஆனதென்று யாராவது அறிந்தால் எழுதுங்கள். அதிலிருந்த ஒழுங்கை இங்கே கொண்டுவந்துவிடலாம் என்றுதான் நான் நினைத்தேன்.

3

எனக்கு மேசை போட்டது குமரேசனுக்குப் பக்கத்தில். வயது இருபத்தொன்பது, தேனாம்பேட்டையிலேயே பிறந்து வளர்ந்தவன், எங்கள் அலுவலகத்தில் மிக வேகமாக வரைபவன். பாதிப் பெயர்கள் அவன் வைத்தவை. என் முழுப் பெயர் தர்மகுலசிங்கம். முதல் நாளே அதைக் கேட்டுவிட்டு, எட்டு எழுத்துக்குள் அடங்காது என்று சொல்லி சிங்கம் சார் ஆக்கிவிட்டான்.

என் முறை எளிது. முதல் எழுத்து வகை, அடுத்தது பொருள், அடுத்து அகலம், கடைசியில் வரிசை எண். பெயரைப் பார்த்ததும் அளவு தெரிந்துவிடும். குமரேசனுக்கு இது பிடிக்கவில்லை.

"இன்னா சார், ஒரு கதவ தேடறதுக்கு நோட்டு வெச்சிக்கினு ஒக்காரணுமா? மாமி கதவுன்னு அடிச்சா வந்துடும் எனக்கு."

"உமக்கு வரும். நாளைக்குப் புதிதாக ஒருவர் வந்தால்?"

"அவரு என்னாண்ட கேப்பாரு."

போன வருடம் ஊரின் பெயரையே மாற்றினார்களே, யாராவது தொலைந்துபோனார்களா என்று கேட்டேன். பஸ்ஸில் இன்னும் மெட்ராஸ் என்றுதான் சொல்கிறார்கள் என்றான். இப்படி மூன்று மாதம். நான் பட்டியலில் விறாந்தைக் கதவு என்று எழுதினால் அது என்ன நாட்டுக் கதவு என்று ஐந்து பேரும் சிரிப்பார்கள். இங்கே அது வராண்டா. யன்னல் என்று எழுதினால் எழுத்துப் பிழை என்று திருத்துவார்கள். பட்டியலின் முதற் பிரதியில் அறுபத்திரண்டு திருத்தம். அதில் ஐம்பத்தெட்டு என் தமிழுக்கு.

இரட்டைகளை நீக்குவதுதான் கடைசி வேலை. ஒரே அகலம், ஒரே தடிப்பு, ஒரே மரம் என்று இருநூற்றுப் பன்னிரண்டு சோடிகளைக் கண்டுபிடித்தேன். முதலில் வரைந்தது நிற்கும், இரண்டாவது நீங்கும் என்பது விதி. இருந்தாலும் நான் அநியாயக்காரன் இல்லை. ஒரு படிவம் தயாரித்து ஐந்து பேருக்கும் கொடுத்தேன். ஏதாவது ஒன்றை நீக்கக்கூடாது என்றால் அதன் எதிரே காரணம் என்ற கட்டத்தில் காரணத்தை எழுதித் தர வேண்டும். ஒரு கிழமை, அதாவது ஏழு நாள், அவகாசம்.

நான்கு பேர் படிவத்தின் மேல் டீக் கோப்பையை வைத்தார்கள். குமரேசன் மட்டும் ஒரே ஒரு இடத்தில் எழுதியிருந்தான். சோடி இலக்கம் நூற்று நாற்பது: ராதா ஒன்று, ராதா இரண்டு. இரண்டும் மூன்றரை அடி அகல வாசற்கதவு, இரண்டும் தேக்கு. காரணக் கட்டத்தில் அவன் எழுதியிருந்தது: ராதாக்கா.

இது ஒரு காரணமா என்று கேட்டேன். "அத்த வுட்ரு சார். அது ராதாக்கா கதவு," என்றான். அதுதான் பெயரிலேயே இருக்கிறதே, இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். அவன் அப்போது ஒரு குழந்தைகள் காப்பகத்தின் கட்டடப்படத்தை அவசரமாக முடித்துக்கொண்டிருந்தான். பிறகு சொல்கிறேன் என்றான். அவகாசம் முடிந்த திங்கட்கிழமை மாலை நான்கரைக்கு நான் ராதா இரண்டை நீக்கினேன். நீக்கியவற்றின் பட்டியலில் சிவப்பு மையால் அடையாளமும் இட்டேன். பிறகு தச்சுப் பட்டறைகளுக்குப் புதிய பட்டியல் போனது. அதன் தலைப்பில், பழைய படங்கள் செல்லாது என்று ஒரு வரியைத் தடித்த எழுத்தில் சேர்த்ததும் நான்தான்.

4

நடுவில் இங்கே தங்குவதற்கான எங்கள் அனுமதி நீட்டிப்பு வந்தது. வெளிநாட்டில் இருக்கும் எவருக்கும் இது புதிதில்லை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐந்து படிவம், எட்டுப் புகைப்படம், மூன்று வரிசை. போன வருடம் நீல மையில் நிரப்பியது பிழை என்றார்கள். இந்த வருடம் கறுப்பு மை பிழை. நிரந்தர முகவரி என்ற கட்டத்தில் கொக்குவில் வீட்டு முகவரியை எழுதினால், இப்போது அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது என்றால், தெரியாத இடம் எப்படி நிரந்தரம் என்கிறார்கள். அசோக் நகரை எழுதினால், அது வாடகை வீடு என்று அடிக்கிறார்கள்.

இம்முறை மகள் நிலானியைக் கூட்டிப்போனேன். வயது பதின்மூன்று, வரும்போது ஆறு. வீட்டில் எங்களைப் போலத்தான் கதைப்பாள், அதுவும் இப்போது குறைந்துவருகிறது. எழுத்தர் என்னிடம் ஏதோ கேட்டார். நான் பதிலை யோசித்துச் சரியான வசனமாக்கிக்கொண்டிருந்தபோது இவள் முன்னால் போய், "சார், போன தபா இதே பேப்பர்தான் குடுத்தோம், இன்னா பிரச்சினன்னு சொன்னா எடுத்தாந்துடறோம்," என்றாள். அவர் சிரித்துவிட்டு முத்திரை குத்தினார். பதினொரு நிமிடத்தில் வேலை முடிந்தது. போன வருடம் எனக்கு இரண்டு நாள் எடுத்தது.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். பஸ்ஸில் வரும்போது, இன்னா என்று சொல்லக்கூடாது என்று புத்தி சொன்னேன்.

"அப்பா, அவருக்கு விளங்கிற மாதிரிக் கதைச்சால்தானே வேலை நடக்கும்," என்றாள். "நீங்கள் சரியாத்தான் கதைக்கிறியள். ஆனால் ஆருக்கு?"

வீட்டுக்கு வந்து மனைவியிடம் முறையிட்டேன். "இஞ்சாருங்கோ, முத்திரை விழுந்ததா இல்லையா? பிறகென்ன," என்று அவ அரிசி களையப் போய்விட்டா.

அந்தப் படிவத்தில் தங்கியிருப்பதற்கான காரணம் என்றும் ஒரு கட்டம் இருக்கிறது. ஏழு வருடமாக அதில் நாட்டு நிலைமை என்று இரண்டே சொல் எழுதுகிறேன். ஒரு வருடமாவது யாரும் அது போதாது என்று திருப்பித் தந்ததில்லை. இதை அன்று நான் யோசிக்கவில்லை. இரண்டு கிழமை கழித்துத்தான் யோசித்தேன்.

5

ஆனி மாதம் ஒரு புதன்கிழமை காலை பதினொன்றரைக்கு ஓர் ஆட்டோ ஓட்டுநர் மாடியேறி வந்து, கீழே ஓர் அம்மா இருப்பதாகவும், அவரால் ஏறிவர முடியாது என்றும், கதவுக்குப் பொறுப்பான ஆள் இறங்கிவர வேண்டும் என்றும் சொன்னார். சேஷாத்ரிக்கு அதற்குள் தொலைபேசியில் விஷயம் வந்துவிட்டது. அவர் குமரேசனையும் என்னையும் உள்ளே கூப்பிட்டார். மந்தைவெளியில் இருக்கும் முனுசாமி ஆசாரியின் பட்டறையில் அடையாறு வீட்டு நிலை தயாராகிவிட்டது; அதில் படி இருக்கிறது. இருக்கக்கூடாது.

அப்போதுதான் குமரேசன் சொன்னான். ராதா ஒன்று, அப்பா கேட்ட கதவு: நான்கு பக்கமும் மரம், கீழே படி. ராதா இரண்டு, மகள் கேட்டது: மூன்று பக்கம் மட்டும், கீழே ஒன்றுமில்லை. மேலிருந்து பார்க்கும் படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இந்த அலுவலகத்தில் படிக்குக் கோடு போடும் வழக்கம் இல்லை. அந்த வித்தியாசத்தை அவன் ஒரு தாளில் கையால் வரைந்து ஆசாரியிடம் கொடுத்து, வாயாலும் சொல்லியிருந்தான். பிறகு என் பட்டியல் போனது. பழைய படங்கள் செல்லாது. ஆசாரி கீழ்ப்படிந்தார்.

ஏன் இதை எழுதவில்லை என்று கேட்டேன்.

"எழுதினேனே சார். ராதாக்கான்னு."

எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. படி இல்லை என்று இரண்டு வார்த்தை எழுதியிருந்தால் போதாதா? அவனுக்கோ அந்த ஒரு பெயரில் எல்லாம் இருந்தது. ஆறு மாதம் அந்த வீட்டுக்குப் போய் அப்பாவும் மகளும் வாதாடியதை உட்கார்ந்து கேட்டவன் அவன். இந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் அது தெரியும். தெரியாதவன் நான் ஒருவன்தான். அழிக்கும் அதிகாரம் இருந்ததும் எனக்கு மட்டும்தான்.

ஆசாரி கவனக்குறைவாகச் செய்துவிட்டார் என்று சொல்லிச் சமாளிக்கலாமா என்று சேஷாத்ரி மெல்லக் கேட்டார். பிழை பட்டியலில் இருக்கிறது, திகதியோடு என் கையெழுத்தும் இருக்கிறது என்றேன். இறங்கிப் போனேன்.

ராதா ஆட்டோவின் பின்னிருக்கையில் சாய்ந்திருந்தார். நாற்காலியை மடித்துக் கால்மாட்டில் வைத்திருந்தார்கள்.

"எங்காத்துல ஆறு மாசம் சண்டை போட்டு வாங்கின கதவு சார் அது," என்றார். "யார் எடுத்தா?"

"நான்தான். இரண்டும் ஒன்று என்று நினைத்து நீக்கிவிட்டேன்."

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். அப்பா நேற்றுப் பட்டறைக்குப் போய்ப் படியைப் பார்த்ததாகச் சொன்னார். வாசற்படியில் மஞ்சள் பூசிக் கோலம் போடாத வீடு வீடே இல்லை என்பது அவருடைய கட்சி. "நான் விட்டுக்குடுத்தேன், பகவான் விட்டுக்குடுக்கலை பாருன்னு சொல்றார். இப்போ அவரோட நான் என்னன்னு வாதாடறது? உங்க லிஸ்ட் பகவானாயிடுத்து."

நாள் கணக்கையும் அவரே சொன்னார். நிலை வைக்க ஆனியில் இன்னும் ஒரே முகூர்த்தம், அன்றிலிருந்து பதினோராம் நாள். அதை விட்டால் ஆடி. ஆடியில் அவர்கள் வீட்டில் எதுவும் செய்யமாட்டார்கள். ஆவணியில் மயிலாப்பூர் வீட்டைக் காலி செய்தாக வேண்டும்.

"அறுத்து எறியச் சொல்லுங்கோ. இல்லேன்னா வேற பண்ணுங்கோ. எனக்குப் படி வேண்டாம்."

6

பட்டறைக்கு நானும் குமரேசனும் போனோம். முனுசாமி ஆசாரி என் பட்டியலை ஆணியில் குத்தி மாட்டி வைத்திருந்தார். அதைப் பார்த்தபோது எனக்கு இருந்த பெருமையெல்லாம் போய்விட்டது.

படியை அறுக்க முடியாது என்றார். நிலைக்கால்கள் இரண்டும் படியில் பொருத்தித்தான் நிற்கின்றன. அறுத்தால் கால்கள் மூன்று அங்குலம் குறைந்து அந்தரத்தில் நிற்கும். மூன்று பக்க நிலைக்குக் கால்கள் நீளமாக இருந்து தளத்துக்குள் இறங்க வேண்டும். புதிதாகச் செய்யக் காய்ந்த தேக்கு வேண்டும். பத்து நாளில் வராது. பச்சை மரத்தில் செய்தால் அடுத்த கோடையில் முறுக்கிக்கொள்ளும்.

"நீங்க செல்லாதுன்னு போட்டதால தம்பி குடுத்த படத்த அடுப்புக்குப் போட்டுட்டேன் சார்," என்றார். குற்றம் சொல்லவில்லை; நடந்ததைச் சொன்னார்.

நான்கு நாள் நான் கணக்குப் பார்த்தேன். படியின் மேல் சரிவாகப் பலகை போடலாமா? மூன்று அங்குலத்துக்கு மூன்று அடிச் சரிவு வேண்டும், உள்ளேயும் வெளியேயும், கதவு திறக்காது. வேறு பழைய வீட்டு நிலை வாங்கலாமா? அப்பா ஒப்பமாட்டார். ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து அடையாறுக்குத் தனியாகப் போய், அதுவரை கட்டிய எல்லாவற்றையும் மீண்டும் அளந்தேன். சுவர் எழும்பி, வாசலுக்கு மேல் காங்கிரீட் போட்டாகிவிட்டது. தளம் மட்டும் இன்னும் கரடாகவே கிடந்தது. அதன் மேல் இரண்டு அங்குலத்துக்கு மொசைக் வர வேண்டும். அதன் மேல்தான் படி உட்காரும் என்று எங்கள் படம் சொல்கிறது. படியை ஏன் மொசைக்கின் மேல் வைக்க வேண்டும்? கரட்டுத் தளத்திலேயே வைத்து, மொசைக்கை ஓரங்குலம் கூட்டி மூன்று அங்குலமாகப் போட்டால், படியின் மேல்முகமும் தளமும் ஒரே மட்டம். நிலை இரண்டு அங்குலம் கீழிறங்கும்; மேலே வரும் இடைவெளியைக் காங்கிரீட்டால் அடைத்துவிடலாம். படி இருக்கும். தடுக்காது.

திங்கட்கிழமை இதைக் கணினியில் வரைந்து குமரேசனுக்குக் காட்டினேன். அவன் நெடுநேரம் பார்த்துவிட்டு, வெளிப்பக்கத்தைச் சுட்டினான்.

"வெளிய அரை இஞ்ச் சரிவா எறக்கு சார். மழ பெஞ்சா தண்ணி சீறிக்கினு உள்ள பூந்துடும். அடில தார் அடிக்கச் சொல்லு, இல்லாங்காட்டி செல்லு அரிச்சிடும்."

இரண்டையும் சேர்த்தேன். பக்கவாட்டுத் தோற்றத்தையும் வரைந்து, படி எங்கே இருக்கிறது, எந்த மட்டத்தில் இருக்கிறது என்று அம்புக்குறி போட்டு எழுதினேன். எந்தப் பெயரில் சேமிப்பது என்று அவன் கேட்டான். ராதா மூன்று என்றேன். அன்று டீ அவன் வாங்கித் தந்தான்.

ராதா படத்தைப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்டார்: முன்சக்கரம் சிறியது, சிக்குமா? ஒரு நூல் கூட இடறாது என்றேன். அப்பா வைத்தியநாதன், ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்றவர், படத்தில் படி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். இருந்தது. சரி என்றார். இருவருக்கும் வேண்டியது கிடைத்துவிட்டது என்று நான் நம்பினேன். நான் கட்டடத்தைத்தான் யோசித்திருந்தேன். ஒரு படியை அந்த வீட்டில் எப்படிப் புழங்குவார்கள் என்று யோசிக்கவில்லை.

7

முகூர்த்தம் காலை ஏழரை முதல் ஒன்பது வரை. நான் ஆறே முக்காலுக்கே போய் தளத்தில் நீர்மட்டக் கருவியை வைத்துப் பார்த்தேன். குமரேசன் அதற்கு முன்பே வந்து, தளம் போடாத குறை தெரியாமல் உள்ளேயும் வெளியேயும் மணல் கொட்டி, மேலே பலகை பரப்பி, படியின் மட்டத்துக்குக் கொண்டுவந்திருந்தான். படியின் அடியில் தார் பூசி, நவதானியம் போட்டு, நிலையைத் தூக்கி வைத்து இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்தார்கள். மாவிலை கட்டியாகிவிட்டது. சேஷாத்ரி பட்டு வேட்டியில் வந்திருந்தார். மணி எட்டு இருபது.

ராதா வாசலுக்கு நேரே நாற்காலியில் இருந்தார். முதலில் தான்தான் உள்ளே போவேன் என்று சொல்லி வைத்திருந்தார். அப்பா மஞ்சள் கிண்ணத்தையும் குங்குமத்தையும் எடுத்துக்கொண்டு படியின் முன் குனிந்தவர், அப்படியே நின்றுவிட்டார். படியைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். நாற்காலியின் சக்கரங்களைப் பார்த்தார். இவ்வளவு நாளும் அவருக்குத் தோன்றாதது அப்போதுதான் தோன்றியது.

"சக்கரம் இது மேல ஏறின்னா போகும்," என்றார்.

வாசற்படியைத் தாண்டித்தான் போவார்கள். மஞ்சள் பூசிய படியில் கால் வைக்கமாட்டார்கள். எங்கள் ஊரிலும் அப்படித்தான். நான் எப்படி இதை மறந்தேன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. முட்டுக்கட்டையைப் பிடித்திருந்த ஆசாரி என்னைப் பார்த்தார். மூன்று அங்குலத்துக்கு விடை கண்டுபிடித்தவன், இதற்கு ஒரு விடையும் வைத்திருக்கவில்லை. நிலையைக் கழற்றிவிட்டு ஆவணிக்குக் காத்திருக்க வேண்டியதுதான் என்றுகூட நினைத்தேன்.

"படிய மிதிச்சுண்டு உள்ள வரப்படாதும்மா," என்றார் வைத்தியநாதன். கண்டிப்பாகச் சொல்லவில்லை. கெஞ்சுவது போலச் சொன்னார்.

ராதா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"நான் என்னிக்குப்பா மிதிச்சிருக்கேன்?"

அவர் கிண்ணத்தைக் கையில் வைத்தபடியே நின்றார். முப்பத்து நான்கு வருடமாகத் தூக்கிய கை. எட்டு முப்பத்தைந்து ஆனது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சக்கரம் எவ்ளோ அகலம் சார்?"

"வெளிவிளிம்புக்கு வெளிவிளிம்பு இருபத்தைந்து அங்குலம்," என்றேன். "நிலையின் உள்ளகலம் நாற்பத்திரண்டு. நடுவால் போனால் இரண்டு பக்கமும் எட்டரை மிஞ்சும்."

குறித்துக் காட்டச் சொன்னார். நான் அளவு நாடாவை எடுத்து, முழந்தாளிட்டு, படியின் இரண்டு முனையிலிருந்தும் எட்டரை அங்குலத்தில் பென்சிலால் ஒவ்வொரு கோடு போட்டேன். அவர் எனக்குப் பக்கத்தில் குனிந்து, இடது கோட்டுக்கு அப்பால் போகாமல் மஞ்சள் பூசி மூன்று பொட்டு வைத்தார். வலது பக்கமும் அதே போல மூன்று. நடுவில் இருபத்தைந்து அங்குலம் வெறும் தேக்காக இருந்தது. எழுந்து ஒதுங்கி நின்றார்.

ராதா இரண்டு கையாலும் சக்கரத்தைத் தள்ளினார். பலகை ஒருமுறை முனகியது, அவ்வளவுதான். உள்ளே போய், திரும்பி, மறுபடி வெளியே வந்து, மறுபடி உள்ளே போனார். நாற்காலியின் கைப்பிடியில் ஒருவரும் கை வைக்கவில்லை.

நான் குனிந்து பார்த்தேன். ஆறு பொட்டும் அழியாமல் இருந்தன.